கல்சுவரில் இரண்டு கொடிகள்: ஒரு குட்டி அந்துப்பூச்சிக்குத் தவறான பெயர் எழுதித் திருத்திய நிகழ்வு

பின்னணி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு காலத்தில் பால் பண்ணையாக இருந்து இப்போது ஊர்க்காரர்கள் பராமரிக்கும் ஒரு நிலத்தில் நடந்தது இது. கனெக்டிகட் இருக்கும் நியூ இங்கிலாந்து பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள், வயல்கள் மறுபடியும் காடாகிவிட்ட இடங்களிலும் பழைய விவசாயிகள் அடுக்கிய கல்சுவர்கள் மட்டும் அப்படியே நிற்கும். அந்தச் சுவர்கள்மேல் வெயில் விழும் இடமெல்லாம் கொடிகள் ஏறிவிடும், அதிலும் காட்டுத் திராட்சையும் வர்ஜீனியா கிரீப்பரும்தான் அதிகம். இரண்டும் திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த நிகழ்வு முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது.

சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேர். நிலத்தின் அந்துப்பூச்சிகளைப் பல வருடங்களாகக் கணக்கெடுத்துவந்த, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர். மூன்றாவது ஆள் நான். ஆசிரியை அனுப்பும் படங்களையும் குறிப்புத் தாள்களையும் சரிபார்த்து, பெயரை உறுதிசெய்து பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுவது என் வேலை. தவறு நடந்தது என் மேஜையில்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூச்சியைப் பற்றிக் கொஞ்சம்

ஹீலியோசெலிடே என்ற குடும்பத்து அந்துப்பூச்சிகள் இவை. இறக்கை மடித்து உட்கார்ந்தால் ஒரு அரிசி மணி நீளம்கூட வராது. பகலில், வெயிலில் பறப்பவை, அதனால் ராத்திரி வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்து அந்துப்பூச்சி பார்ப்பவர்கள் கண்ணில் இவை அநேகமாகப் படுவதே இல்லை. இருபது வருடம் விளக்கு வைத்தவருக்கும் தன் தோட்டத்தில் இவை இருப்பது தெரியாமல் போகலாம்.

இவற்றைக் கண்டுபிடிக்க இலையைப் பார்க்க வேண்டும். தக்காளி இலையில் வெள்ளைக் கோலம் இழுத்ததுபோல் ஓடும் கோட்டை நம்மில் நிறையப் பேர் பார்த்திருப்போம். அதைச் செய்வது வேறு பூச்சி, ஒரு சின்ன ஈயின் புழு, ஆனால் வாழும் முறை ஒன்றுதான். இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் இருக்கும் பச்சைச் சதையைப் புழு தின்றுகொண்டே போகிறது, தோல்கள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. இதைச் சுரங்கம் என்றே சொல்லலாம். நாம் பேசும் பூச்சியின் சுரங்கம் முதலில் மெல்லிய கோடாக ஆரம்பித்து, அப்புறம் அகன்று ஒரு பழுப்புத் திட்டாகிவிடும்.

அதற்குப் பிறகு அந்தப் புழு செய்வதை நான் ஒருமுறை லென்ஸ் வழியாக முழுதாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தின்று முடித்த புழு, திட்டின் ஒரு ஓரத்தில் மேல்தோலையும் கீழ்த்தோலையும் ஒரே அளவில் முட்டை வடிவமாக வெட்டத் தொடங்குகிறது. வெட்டிக்கொண்டே இரண்டு துண்டுகளின் விளிம்புகளையும் தன் பட்டு நூலால் சேர்த்துத் தைக்கிறது. கடைசியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு இழையும் அறுந்ததும், இலையால் ஆன அந்தப் பை, உள்ளே புழுவோடு, நூலில் தொங்கி இறங்குகிறது. பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கொஞ்ச தூரம் நகர்ந்து, பிடித்த இடத்தில் பையை ஒட்டிக்கொண்டு உள்ளே தங்கிவிடுகிறது. இலையில் மிஞ்சுவது காகிதத்தில் பஞ்ச் அடித்ததுபோல் சுத்தமான ஒரு ஓட்டை. 3, 4 மில்லிமீட்டர் நீளம்தான். பழுப்புத் திட்டும் அதன் ஓரத்தில் முட்டை வடிவ ஓட்டையும் சேர்ந்து இருந்தால் இந்தக் குடும்பம் என்று தைரியமாகச் சொல்லலாம். குடும்பத்துக்குள் எது என்பதுதான் கஷ்டம்.

முதலில் பார்த்தது: 2021 ஆகஸ்ட்

ஆசிரியை கல்சுவர்க் கொடியில் ஓட்டை விழுந்த இலைகளைப் பார்த்தார். சுரங்கம் இருந்த பகுதியை மட்டும் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி, ஜிப் பைகளில் போட்டு, ஒவ்வொன்றையும் மேலும் கீழும் படம் எடுத்து அனுப்பினார். இடம் மிச்சமாகும் என்றுதான் அப்படி வெட்டினார், எத்தனையோ வருடமாக அவர் அப்படித்தான் செய்துவந்தார், நானும் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. தாளில் தாவரம் என்ற இடத்தில் "வர்ஜீனியா கிரீப்பர்" என்று எழுதியிருந்தார். அந்தச் சுவரைப் பற்றிய பழைய குறிப்புகளிலெல்லாம் அந்தக் கொடியின் பெயர்தான் இருந்தது.

படங்களில் சுரங்கம் தெளிவாக இருந்தது, ஓட்டையும் இருந்தது. வளர்ந்த பூச்சி இல்லை, புழு இல்லை, கூடும் இல்லை.

எடுத்த முடிவும் காரணமும்

நான் அதை ஆன்டிஸ்பைலா ஆம்பெலாப்சிஃபோலியெல்லா என்று உறுதிசெய்து ஏற்றினேன். கென்டக்கியின் கோவிங்டன் நகரத்தில் வழக்கறிஞராக இருந்துகொண்டே சிறு அந்துப்பூச்சிகளை விவரித்தவர் சேம்பர்ஸ். அவர் 1874ல் வர்ஜீனியா கிரீப்பர் பூச்சிக்கு வைத்த பெயர் இது. நான் யோசித்த வழி ரொம்ப நேரானது: முட்டை வடிவ ஓட்டை, அதனால் இந்தக் குடும்பம், தாவரம் வர்ஜீனியா கிரீப்பர், அந்தத் தாவரத்துக்கு என் கையில் இருந்த அட்டவணையில் ஒரே ஒரு பெயர், ஆகவே அதுதான்.

இந்தச் சங்கிலியில் மூன்று கண்ணிகள் பலவீனமானவை. ஒன்று, தாவரத்தின் பெயரை நான் படத்தில் சரிபார்க்கவில்லை, தாளில் படித்தேன். இரண்டு, என் அட்டவணை 1983ல் வந்த வட அமெரிக்க அந்துப்பூச்சிப் பட்டியலை வைத்து வருடக்கணக்காக நானே தொகுத்துக்கொண்டது, அதற்குப் பிறகு பெயர் கிடைத்த இனங்களை நான் முறையாகச் சேர்க்கவே இல்லை. மூன்று, ஒரு தாவரத்துக்கு ஒரு பெயர் இருந்தால் அந்தத் தாவரத்தில் ஒரு பூச்சிதான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு நானே சொல்லியும் இருக்கிறேன், அன்றைக்கு மேஜையில் அறுபது படங்கள் காத்துக்கொண்டிருந்தபோது அது மனதில் வரவில்லை.

சந்தேகம்: செப்டம்பர்

தரவுத்தளத்தில் பதிவைப் பார்த்த மாணவர் எனக்கு எழுதினார். "கீழ்ப்பக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், இது வர்ஜீனியா கிரீப்பர் என்று எனக்குத் தோன்றவில்லை" என்று மட்டும்தான் இருந்தது. பெரிதாக்கினேன். நரம்புகளுக்கு நடுவில் துரு நிறத்தில் கம்பளிபோல் முடி அடர்ந்திருந்தது. வர்ஜீனியா கிரீப்பர் இலையின் அடிப்பக்கம் இப்படி இருக்காது. இப்படி இருப்பது ஃபாக்ஸ் கிரேப் என்கிற காட்டுத் திராட்சை, கான்கார்ட் திராட்சைக்கு மூதாதை. எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் கம்பளி இருந்தது, சிலவற்றில் இல்லை. ஆக ஒரே தாளில் இரண்டு தாவரங்கள் கலந்திருந்தன. முழு இலையாக இருந்திருந்தால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், ஒன்றுக்கு விரல்போல் ஐந்து சிற்றிலை, மற்றொன்று ஒரே அகலமான இலை. சதுரமாக வெட்டியதில் அந்த வடிவம் போய்விட்டது.

மாணவர் அடுத்து அனுப்பியது 2012ல் சூகீஸ் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை. நெதர்லாந்தின் வான் நியூகெர்க்கனும் கனெக்டிகட்டின் வாக்னரும் இத்தாலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதியது. அதைப் படித்தபோதுதான் என் தவறு எனக்கு முன்பே பலர் செய்த தவறு என்று புரிந்தது.

இத்தாலி வழியாக வந்த பெயர்

நாங்கள் பிறகு செய்த எல்லாவற்றுக்கும் வழிகாட்டி அந்தக் கட்டுரைதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2006லிருந்து வட இத்தாலியில் ட்ரென்டினோ, வெனெட்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் இலையில் முட்டை வடிவ ஓட்டைகள் விழ ஆரம்பித்தன. இந்த வகை ஓட்டை போடும் பூச்சி ஐரோப்பாவில் ஏற்கனவே ஒன்று உண்டு, ஹோலோகாசிஸ்டா ரிவில்லெய். மால்டாவில் கோதெயு த ரிவில் என்பவர் 1750லேயே அதன் வாழ்க்கையை எழுதிவைத்தார், ஸ்டெய்ன்டன் 1855ல் அவர் பெயரையே பூச்சிக்கு வைத்தார். ஆனால் ட்ரென்டினோவில் வந்தது அது இல்லை. இறக்கைக் கோலம், பிறப்புறுப்பு, டி.என்.ஏ பார்கோடு (இனத்தை அடையாளம் காட்டும் மரபணுத் துண்டு) மூன்றையும் ஒப்பிட்டதில், கிழக்கு வட அமெரிக்காவின் காட்டுத் திராட்சையில் இருக்கும் ஒரு இனத்தோடு அது பொருந்தியது. வட அமெரிக்காவில் அதை அதுவரைக்கும் வர்ஜீனியா கிரீப்பர் பூச்சியான ஆம்பெலாப்சிஃபோலியெல்லாவோடு குழப்பிக்கொண்டிருந்தார்கள், அதற்கென்று தனியாக ஒரு பெயரே இல்லை. சொந்த நாட்டில் பெயர் இல்லாமல் இருந்த பூச்சி அயல்நாட்டில் பயிரைத் தின்ற பிறகுதான் பெயர் வாங்கியது. ஆன்டிஸ்பைலா ஒய்னோஃபில்லா. கிரேக்கத்தில் ஒய்னோஸ் என்றால் ஒயின், ஃபில்லான் என்றால் இலை.

கட்டுரையில் சொன்ன அமெரிக்க மாநிலங்கள் ஆறு: கனெக்டிகட், நியூயார்க், வெர்மான்ட், கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா. எங்கள் மாநிலம் பட்டியலிலேயே இருக்கிறது. எனக்கு ரொம்ப உறைத்தது அதுதான். இத்தாலிய, அமெரிக்கப் பூச்சிகளின் பார்கோடு வித்தியாசம் அதிகபட்சம் 1.23 சதவீதம், அதாவது அண்மையில் போய்ச் சேர்ந்த கூட்டம். ட்ரென்டோ மாகாணத்தில் 2008லும் 2009லும் ஒரு தோட்டத்தைத் தொடர்ந்து கவனித்ததில் கோடை நடுவில் 90 சதவீதத்துக்கும் மேல் இலைகளில் சுரங்கம் இருந்ததாம். புழு தன் பைக்குள் இருந்தபடி கொடியின் தண்டிலும் பந்தல் கம்புகளிலும் ஒட்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறது, நாற்றுகளோடு கடல் கடந்து போயிருக்க வாய்ப்பு அதிகம் என்று கட்டுரையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

எனக்குத் தேவையான வரி இன்னொன்றும் அதில் இருந்தது. வட அமெரிக்க வர்ஜீனியா கிரீப்பரில் ஆம்பெலாப்சிஃபோலியெல்லாவையும் சேர்த்துக் குறைந்தது இரண்டு இனங்கள் இருக்கின்றன, திராட்சைக் குடும்பத்தைத் தின்பவற்றில் இன்னும் பெயரிடாதவை பல. பழைய பெயர்கள் நான்கில் மூன்று எந்தப் பூச்சியைக் குறிக்கின்றன என்பதே மறு ஆய்வு இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. அதாவது தாவரம் வர்ஜீனியா கிரீப்பர்தான் என்று நிரூபித்திருந்தாலும்கூட நான் எழுதிய பெயர் நிற்காது.

இரண்டாவது முடிவு

அன்று மாலையே பதிவை இனப் பெயரிலிருந்து இறக்கி "ஹீலியோசெலிடே, இனம் தெரியவில்லை, தாவரம் கலப்பு" என்று மாற்றினேன். சரியான பெயர் கிடைக்கட்டும், ஒரேயடியாகத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது, அதை ஏற்கவில்லை. தவறான பெயர் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் யாராவது எடுத்துப் பரவல் வரைபடத்தில் போட்டுவிடுவார்கள், அப்புறம் அதைத் துரத்திப்பிடிக்க முடியாது.

ஆசிரியையிடம் சொல்வது சுலபமாக இல்லை. ஊர் நூலகத்தில் அவர் அந்தச் சுவர்ப் பூச்சிகளைப் பற்றிப் பேசி முடித்திருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் வெட்டாமல் இலையோடு கொடுத்திருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள் இல்லையா?" என்று கேட்டார். பார்த்திருப்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை என்றேன். உண்மையும் அதுதான். கீழ்ப்பக்கப் படத்தை அவர் எடுத்துத்தான் இருந்தார், பார்க்காமல் விட்டது நான்.

மீண்டும் சுவருக்கு: செப்டம்பர் கடைசி

மூன்று பேரும் சேர்ந்து போனோம். சுவரின் நடுப்பகுதியில் இரண்டு கொடிகளும் கயிறு முறுக்கியதுபோல் பின்னிக் கிடந்தன. ஒரு இலையைப் பிடித்தால் அதன் காம்பு எந்தத் தண்டுக்குப் போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. காட்டுத் திராட்சையின் முதிர்ந்த தண்டில் பட்டை நார்நாராக உரியும், வர்ஜீனியா கிரீப்பர் பற்றுக்கம்பியின் நுனியில் பல்லியின் விரல்போல் சின்னச் சின்ன ஒட்டுத் தட்டுகள் இருக்கும். ஃபாக்ஸ் கிரேப்பில் அநேகமாக ஒவ்வொரு கணுவிலும் பற்றுக்கம்பியோ பழக்குலையோ இருக்கும், மற்றக் காட்டுத் திராட்சைகளில் மூன்றாவது கணு வெறுமையாக விட்டுப்போகும். இதையெல்லாம் ஆசிரியைதான் எங்களுக்குக் காட்டினார், தாவரத்தில் அவர் எங்கள் இருவரையும்விடக் கெட்டிக்காரர்.

அன்றைக்கு எடுத்த முடிவுகள் மூன்று. இலையைத் தனியாகப் பறிக்காமல் கணுவோடு, பற்றுக்கம்பியோடு சேர்த்து எடுப்பது. இரண்டு கொடிகளின் இலைகளையும் இரண்டு வேறு நிறப் பைகளில் போடுவது. புழு உள்ளே இருக்கும் சுரங்கங்களில் சிலவற்றை மட்டும் திறந்து புழுவை 95 சதவீத எத்தனாலில் போட்டுவிட்டு, மற்றவற்றை வளர்க்க விடுவது. எல்லாவற்றையும் வளர்க்கலாம் என்று எனக்கு ஆசை. வளர்ப்பு தோற்றால் கையில் ஒன்றுமே இருக்காது என்று மாணவர் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னபடி செய்தது எவ்வளவு நல்லதாயிற்று என்பது வசந்தத்தில் தெரிந்தது.

வெயிலில் பிடித்துப் பார்த்தால் புழு இருக்கும் சுரங்கம் தெரிந்துவிடும். உள்ளே மங்கலான மஞ்சள் உடலும், பின்னால் கறுப்பு மணிகளாக எச்சமும் இருக்கும். இரண்டு கொடிகளிலும் அப்படிச் சில கிடைத்தன.

குளிர்காலம்

வீட்டில் இலைகளை மூடிய டப்பாவில் வைத்ததும் ஒரு வாரத்துக்குள் புழுக்கள் பைகளை வெட்டிக்கொண்டு இறங்கின, டப்பாவின் சுவரிலும் மூடியிலும் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றையும் ஈரப் பஞ்சு வைத்த சின்னக் குழாயில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். இந்தப் பூச்சிகளுக்குக் குளிர் தேவை, அது கிடைக்காவிட்டால் கூட்டுப்புழுவாக மாறாமலே காய்ந்துபோகலாம்.

ஜனவரியில் திறந்து பார்த்தபோது வர்ஜீனியா கிரீப்பர்க் குழாய்கள் அத்தனையிலும் பூஞ்சை. பஞ்சில் ஈரம் அதிகம். திராட்சைக் குழாய்களை ஒரு நாள் கழித்து, பஞ்சைப் பிழிந்துவிட்டு வைத்திருந்தேன், அவை தப்பித்தன. வர்ஜீனியா கிரீப்பரில் அந்த வருடம் எங்களிடம் மிஞ்சியது எத்தனாலில் இருந்த புழுக்கள் மட்டும்தான்.

வெளிவந்தவை: 2022 வசந்தம்

மார்ச்சில் குழாய்களை அறைக்குக் கொண்டுவந்தேன். முதலில் வந்தவை குளவிகள், கறுப்பும் பச்சையுமாக மின்னும், அந்துப்பூச்சியைவிடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவிகள். இலைச் சுரங்கப் பூச்சி வளர்ப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். அவற்றையும் கூட்டோடு சேர்த்து, எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று எழுதிப் பத்திரப்படுத்தினோம்.

அந்துப்பூச்சி வந்த காலையில் நான் அதைக் கவனிக்கவே இல்லை, பஞ்சில் ஒட்டிய தூசி என்று நினைத்தேன். லென்ஸில் பார்த்தால் கரும்பழுப்பு இறக்கையில் வெண்கல மினுமினுப்பு. இறக்கை உடலோடு சேரும் பக்கத்தில் குறுக்காக வெள்ளியும் பொன்னும் கலந்த ஒரு பட்டை. கொஞ்சம் தள்ளி, மேல் விளிம்பிலிருந்து ஒன்றும் கீழ் விளிம்பிலிருந்து ஒன்றுமாக எதிரெதிரே பார்க்கும் இரண்டு முக்கோணப் பொட்டு. தலையில் செதில்கள் சீவிவிட்டதுபோல் வழவழவென்று படிந்திருந்தன. வெளிச்சத்தில் லேசாகத் திருப்பினால் பட்டை மட்டும் பற்றிக்கொண்டதுபோல் ஜொலிக்கும். இவ்வளவு அழகான ஒன்று அந்தச் சுவரில் ஒவ்வொரு கோடையிலும் நண்பகல் வெயிலில் பறந்துகொண்டிருந்திருக்கிறது, நாங்கள் ராத்திரியில் விளக்கோடு உட்கார்ந்திருந்தோம்.

உறுதிசெய்தது

இறக்கைக் கோலம் மட்டும் போதாது, இந்தக் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பட்டையும் முக்கோணமும் உண்டு. ஆகவே மூன்று சாட்சிகளையும் தனித்தனியாக எடுப்பது என்று முடிவுசெய்தோம்.

ஆண் பூச்சி ஒன்றின் வயிற்றுப் பகுதியைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, பிறப்புறுப்பைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றினார் மாணவர். அந்துப்பூச்சிகளில் இனத்துக்கு இனம் இந்த உறுப்பின் வடிவம் மாறுவதால் நூறு வருடத்துக்கும் மேலாக இதுதான் பிரித்தறியும் வழி. கட்டுரையின் படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஒய்னோஃபில்லாவோடு பொருந்தியது.

எத்தனாலில் இருந்த இரண்டு கொடிகளின் புழுக்களையும், திராட்சையிலிருந்து வந்த ஒரு பூச்சியின் காலையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பார்கோடு என்பது மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு. புழுவுக்கும் வளர்ந்த பூச்சிக்கும் அது ஒன்றே என்பதால், பெயர் தெரியாத புழுவைப் பெயர் தெரிந்த பூச்சியோடு இணைத்துவிட முடிகிறது. முடிவில் திராட்சையிலிருந்து வந்தவை எல்லாமே பொதுவில் இருக்கும் ஒய்னோஃபில்லா வரிசைகளோடு ஒட்டி நின்றன. பார்கோடை மட்டும் நம்பி இனத்தை முடிவுசெய்வது எனக்குப் பிடிக்காது, அது தாய் வழியில் மட்டும் வருவது, கலப்பு நடந்திருந்தால் ஏமாற்றும். இங்கே உறுப்பும் கோலமும் தாவரமும் அதே பக்கம் கை காட்டின.

வர்ஜீனியா கிரீப்பர்ப் புழுக்கள் தனிக் கூட்டமாக விழுந்தன. ஒய்னோஃபில்லா இல்லை. பெயர் இட்ட எந்த இனத்தோடும் நெருங்கவில்லை.

எந்தப் பேரினம்

இதிலும் நாங்கள் ஒருமுறை இடறினோம். நான் "ஆன்டிஸ்பைலா ஒய்னோஃபில்லா" என்று எழுதத் தயாராகிவிட்டேன், மாணவர்தான் 2020ல் வான் நியூகெர்க்கனும் ஐஸ்மனும் எழுதிய கட்டுரையைக் காட்டினார். இறக்கை நரம்புகள் குறைந்துபோன வட அமெரிக்க இனங்களை அதில் ஆஸ்பிலாண்டா என்ற புதுப் பேரினத்துக்கு (பூச்சிப் பெயரின் முதல் சொல் பேரினத்தைக் குறிக்கும்) மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பேரினத்துக்கு அடையாளமாக நிற்கும் மாதிரி இனம் ஒய்னோஃபில்லாதான். ஆம்பெலாப்சிஃபோலியெல்லாவும் கூடவே போய்விட்டது.

ஏன் மாற்ற வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். நான் சொன்ன விளக்கம் இது: ஒரே வீட்டுப் பெயரைப் போட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் உண்மையில் பக்கத்து வீட்டாருக்குத்தான் நெருங்கிய பங்காளிகள் என்று தெரிந்தால், அந்த வீட்டுப் பெயர் உறவைக் காட்டவில்லை என்றுதானே அர்த்தம்? ஆன்டிஸ்பைலாவில் இருந்த இந்தச் சிலர், மற்ற ஆன்டிஸ்பைலாக்களைவிட காப்டோடிஸ்கா, ஹோலோகாசிஸ்டா போன்ற பேரினங்களுக்கு நெருக்கம் என்று 2012லேயே கோடு காட்டியிருந்தார்கள். அவற்றிலும் இறக்கை நரம்புகள் குறைவு. பேரினம் மாறியதன் அடையாளமாகப் பெயரிட்டவர்கள் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும்: ஆஸ்பிலாண்டா ஒய்னோஃபில்லா (வான் நியூகெர்க்கன், வாக்னர், 2012). 1860ல் கிளெமன்ஸ் பெயரிட்ட ஐசபெல்லா, அதுவும் திராட்சையைத் தின்பதுதான், ஆன்டிஸ்பைலாவிலேயே இருக்கிறது. அதாவது ஒரே கொடியில் இரண்டு பேரினங்களைச் சேர்ந்த பூச்சிகள் ஒரே மாதிரி ஓட்டை போடலாம். ஐசபெல்லாவின் சுரங்கமும் பையும் பெரியவை, அதனால் எங்கள் விஷயத்தில் அது குழப்பவில்லை.

விளைவு

2022 கோடை முடிவதற்குள் பழைய ஒரே பதிவு இரண்டாகப் பிரிந்தது. கீழ்ப்பக்கத்தில் கம்பளி தெரிந்த படங்கள் ஆஸ்பிலாண்டா ஒய்னோஃபில்லா, தாவரம் ஃபாக்ஸ் கிரேப். மற்றவை "ஆஸ்பிலாண்டா, இனம் பெயரிடப்படவில்லை", தாவரம் வர்ஜீனியா கிரீப்பர். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத மூன்று படங்களைக் குடும்பத்தோடு நிறுத்தினேன். ஆசிரியைக்கு அந்த மூன்றும் வருத்தம், ஆனால் வேறு வழி இல்லை. திருத்தியதற்கான காரணத்தைப் பதிவிலேயே எழுதினோம், பழைய பெயரை அழிக்கவில்லை. நூலகத்தில் அடுத்த வருடம் அவர் மறுபடியும் பேசினார், இந்த முறை இரண்டு முழு இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு.

என் பழைய பதிவுகளையும் தோண்டினேன். வர்ஜீனியா கிரீப்பர், ஆம்பெலாப்சிஃபோலியெல்லா என்று நான் உறுதிசெய்த ஒன்றில்கூட வளர்ந்த பூச்சியோ பார்கோடோ இல்லை. எல்லாவற்றையும் பேரினத்துக்கு இறக்கிவிட்டேன்.

இப்போது மாற்றிச் செய்வது

சுரங்கப் படத்தோடு முழு இலையின் படமும் கணுவின் படமும் இல்லாமல் நான் எதையும் உறுதிசெய்வதில்லை. தாளில் தாவரத்தின் பெயருக்குப் பக்கத்தில் "எதை வைத்துச் சொல்கிறீர்கள்" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். பற்றுக்கம்பி, முடி, பட்டை, எதுவானாலும் எழுதினால் போதும். என் அட்டவணையை ஒவ்வொரு ஜனவரியும் புதுக் கட்டுரைகளோடு ஒத்துப்பார்க்கிறேன், ஒரு தாவரத்துக்கு ஒரே பெயர் இருக்கும் வரிசைகளுக்கு எதிரே இப்போது கேள்விக்குறி இருக்கிறது, முன்பு அவைதான் எனக்கு ரொம்ப நம்பிக்கையான வரிசைகள். வளர்ப்பில், ஒரே தாவரத்துக் கூடுகளை இரண்டாகப் பிரித்து, பாதியை ஃபிரிட்ஜிலும் பாதியை வலைப் பையில் கட்டி வெளியே இலைச் சருகுக்கு அடியிலும் வைக்கிறோம். பஞ்சைப் பிழிந்த பிறகுதான் குழாய்க்குள் வைப்பது. குழாய்க்குள் பேனாவால் எழுதிய லேபிள் வைப்பதில்லை, ஈரத்தில் ஊறிப்போகிறது, பென்சில்தான்.

வர்ஜீனியா கிரீப்பர்ப் பூச்சி இன்னும் வெளியே வரவில்லை. 2022 செப்டம்பரில் எடுத்த கூடுகளிலிருந்து அடுத்த வசந்தத்தில் குளவிகள் மட்டுமே வந்தன. போன இலையுதிர் காலத்தில் ஆசிரியை சுவரின் தெற்கு முனையில், திராட்சை எட்டாத இடத்தில், வர்ஜீனியா கிரீப்பர் மட்டும் இருக்கும் ஒரு பகுதியைக் கண்டுபிடித்து, கணுவோடு பதினொரு இலைகள் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஏழு பைகள் இறங்கியிருக்கின்றன. நான்கு என் ஃபிரிட்ஜில் இருக்கின்றன, மூன்று அவர் வீட்டுத் தோட்டத்தில் சருகுக்கு அடியில்.